இழுவை பொறுக்காத கஜேந்திரன்

திருத்துகிறவர்கள் என்று ஓர் இனம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. கடைப் பலகையில் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் தேடுகிறவர், கல்யாணப் பந்தியில் உப்பைத் தேடுகிறவர், போன வீட்டுச் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்து உட்காருகிறவர், எல்லாரும் அதற்குள் அடக்கம். இவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தையோ படத்தையோ தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இந்த இனத்தில் ஆபத்தான கிளை ஒன்று உண்டு. அந்தக் கிளையைச் சேர்ந்தவருக்கு எழுத்துப் பிழை தெரியாது, உப்பும் உறைக்காது. எது நடந்தாலும் அது நடக்கிற வேகம் போதாது என்பது மட்டும் தெரியும். பேச்சு, பாட்டு, மழை, பஸ், பூசை, பிரசவம், எதைக் காட்டினாலும் கண்ணை மூடி இரண்டு விநாடி கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதுபோல, "கொஞ்சம் இழுக்குது" என்பார்.

ஒவ்வோர் ஊரிலும் இவர் ஒருவர் இருக்கிறார். ஹட்டனில் இருந்தவருக்குப் பெயர் கஜேந்திரன்.

ஸ்டேஷனுக்கு ஏறும் வீதியில், ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓர் அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை, நடுவில் ஒரு மைக், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, கதிரை, கொழும்பில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கொம்பியூட்டர். ரயில் வரும்போது பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேட்டில் மூச்சிரைத்து ஏறிவரும் அந்த ரயிலைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. அது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளில் இதே மாடியில் அவர் கசட் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதே நோய் தொடங்கிவிட்டது. பிரதி எடுக்கிற இயந்திரத்தின் மோட்டாரில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைத் திருகினால் நாடா விரைந்து ஓடும். கஜேந்திரன் திருகினார். ஆனால் அந்தக் காலத்து வேகத்துக்கு ஒரு தண்டனையும் கூடவே இருந்தது. நாடா விரைந்தால் குரலும் சேர்ந்து மேலே போகும். நடு வயதுப் பாடகர் மீசை முளைக்காத பையனாவார், பாடகி குருவியாவார். ஆகவே ஆசைப்பட்ட அளவுக்குத் திருக முடியவில்லை. யாருக்கும் தெரியாத அளவுக்கு மட்டும் திருகினார். டிக்கோயா, நோர்வூட் பக்கங்களில் அந்த ஆண்டுகளில் காதலித்தவர்கள் சற்று அவசரமாகக் காதலித்ததற்கு அந்தத் திருகாணிதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் கொம்பியூட்டர் வந்தது. அதற்குள் இருந்த ஒலிப்பதிவு மென்பொருளில், பதிந்த பாட்டின் மேல் சொடுக்கினால் ஒரு சிறு பெட்டி திறந்தது. அதில் சுருதிக்கு ஓர் இடம், வேகத்துக்கு ஓர் இடம். இரண்டும் தனித்தனி. நூறு என்றிருக்கிற வேகத்தை நூற்றைந்து என்று மாற்றினால் பாட்டு விரைந்து ஓடும். பாடியவரின் குரல் இருந்த இடத்திலேயே இருக்கும். முதன்முதலாக அதைச் செய்து கேட்ட அன்று கஜேந்திரன் படியிறங்கிப் போய்ச் செருப்புக் கடை முதலாளிக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். கடவுள் இருக்கிறார் என்றார் கஜேந்திரன்.

ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை. ஆறு நிமிடப் பாட்டை ஐந்து நிமிடமாகச் சுருக்க அந்தக் கொம்பியூட்டருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. திரையில் ஒரு நீலக் கோடு எறும்புபோல இடமிருந்து வலமாக ஊர்ந்தது. கஜேந்திரன் கைகட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அது இழுப்பதாக அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதன்பின் அவருடைய மாடிப்படியில் ஏறிய எந்தச் சத்தமும் ஏறிய வேகத்தில் இறங்கவில்லை. கல்யாண வீடியோவுக்கு நாதஸ்வரம் சேர்க்கச் சொன்னால், தாலி ஏறுவதற்குள் கெட்டிமேளம் முடிந்துவிடும். தொழிற்சங்கத் தலைவர் ஒருவருடைய பேச்சை ஒலிபெருக்கி வாகனத்துக்காகப் பதிந்து, கேட்காமலே சுருக்கிக் கொடுத்தார். தலைவர் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டார் என்று தோட்டமெல்லாம் பேச்சு. அடுத்த கிழமை அவர் நேரில் மேடையேறிப் பேசியபோது, பாவம், அவருக்கு ஏதோ சுகவீனம் என்று சனங்கள் பரிதாபப்பட்டார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி நிஷாந்தி நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெண். எதையும் முதலிலிருந்து சொல்லிப் பழகியவள். "நேத்து அம்மா வீட்டுக்குப் போனேன்ல" என்று அவள் தொடங்கும்போதே கஜேந்திரன் கையைச் சுழற்றுவார். அந்தச் சுழற்றலுக்கு மேலே சொல், சீக்கிரம் சொல், முடி என்று மூன்று அர்த்தம். கலியாணமாகி ஐந்தாறு வருடத்தில் நிஷாந்தி கதையை முடிவிலிருந்து தொடங்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அவர் வாசலில் கால் வைத்ததும் "செத்துப்போச்சிங்க" என்றாள். கஜேந்திரன் பதறிப்போய் யார் யார் என்று கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். செத்தது கோழி.

மாமனார் செத்தது அதற்குப் பிறகு. ஊர்வலத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்த பழனியாண்டியின் காதில் மருமகப்பிள்ளை ஏதோ சொன்னார். மருமகப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? அடி ஏறியது. அடி ஏறினால் காலும் ஏறும். பாடை தூக்கியவர்கள் சரிவில் ஏறக்குறைய ஓடினார்கள். பின்னால் வந்த உறவினர்கள் அழுகையை நிறுத்திவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழி பாதிதான் வெட்டியிருந்தது. தூறலில் எல்லாரும் நின்றார்கள். குழி வெட்டுகிறவர்கள் சுணங்குகிறார்கள் என்பதுதான் கஜேந்திரன் அன்று கண்ட குறை.

இவரைத்தான் கனகாம்பிகை டீச்சர் நம்பிப் போனார்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனுக்கு மாற்றலாகி வந்து, இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போனவர். அந்த வருடம் நுவரெலியாவில் நடக்கவிருந்த பாடசாலை நடனப் போட்டிக்கு ஆறு மாணவிகளைக் கொண்டு கொழுந்து பறிக்கும் நடனம் ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தார். அதற்கான பாட்டைப் பாடியது கஜேந்திரனின் அக்கா நாகலெட்சுமி. டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்கே எல்லாருக்கும் இன்னும் வேலை இருக்கிறது. கோயிலில் அவர் பாடியதை டீச்சர் எப்போதோ கேட்டிருந்தார். "கூடைக்குள்ள மழை விழுது, கொழுந்து கனக்குது" என்று தொடங்கும் அந்தப் பாட்டை நாகலெட்சுமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மைக் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஒரே தடவையில் பாடிவிட்டுப் போனார். முதல் சரணத்துக்கும் இரண்டாவது சரணத்துக்கும் நடுவில் அவர் நின்று மூச்சு வாங்கினார். கஜேந்திரன் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

பாட்டு ஆறு நிமிடம் வந்தது. போட்டியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் புள்ளி வெட்டுவார்கள். டீச்சர் அதைச் சொல்லி, கடைசிச் சரணத்தை எடுத்துவிடச் சொன்னார்.

கஜேந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்டுவது கசாப்புக் கடைக்காரர் வேலை, இது விஞ்ஞானம் என்றார். ஒரு சொல்கூடக் குறையாமல், குரல் ஓர் இழைகூட மாறாமல் ஐந்து நிமிடத்துக்குள் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, பெட்டியைத் திறந்து நூற்றிருபது என்று தட்டினார். முதல் வரியை மட்டும் மாதிரிக்குப் போட்டுக் காட்டினார்.

டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனால் பிள்ளையளுக்கு மூச்சு வாங்குமே."

"வாங்காதுங்க டீச்சர். சின்னப் புள்ளைங்க."

பிள்ளைகள் அந்த வேகத்துக்குப் பழகினார்கள். இரண்டு கிழமை கஷ்டப்பட்டார்கள், பிறகு கால் படிந்துவிட்டது. கஜேந்திரன் ஒருநாள் பாடசாலை மண்டபத்துக்குப் போய் ஒத்திகை பார்த்தார். மூலையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடினார். இரண்டு விநாடி. அதற்குமேல் அவருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. டீச்சரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார், பாவம், இசை தெரியாதவர். சீடீயில் ஒரு கீறல் இருக்கிறது, வேறு பதிந்து தருகிறேன் என்று அதைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தார். போட்டிக்கு முதல் நாள் புதியதைக் கொடுத்தார். நூற்றிருபத்தெட்டு. கொம்பியூட்டரில் இடம் போதாமல் இருந்ததால் அதற்கு முந்தியவற்றை எல்லாம் அழித்தும்விட்டார். இழுக்கிற பாட்டை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

நுவரெலியா மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் கஜேந்திரன் அமர்ந்திருந்தார். முன்வரிசையில் நடுவர்களுக்குப் பக்கத்தில் பிரதம விருந்தினர். நாகலெட்சுமி வேலை செய்த அதே தோட்டத்தின் பெரிய தொரை, அதாவது மனேஜர், இளம் வயதுக்காரர், கலை ஆர்வம் உள்ளவர். திரை விலகியது. ஆறு பிள்ளைகள் முதுகில் கூடையோடு குனிந்து நின்றார்கள். பாட்டு தொடங்கியது.

முதல் அடியில் பிள்ளைகளின் முகத்தில் ஒரு திகைப்பு வந்து போனதை டீச்சர் பக்கத் திரையின் மறைவிலிருந்து பார்த்தார். அதன்பின் அவர்களுக்குத் திகைக்க நேரம் இருக்கவில்லை. இந்த மலைநாட்டில் தேயிலை நட்ட நாளிலிருந்து யாரும் அப்படிக் கொழுந்து பறித்ததில்லை. பன்னிரண்டு கைகள் மின்விசிறி மாதிரி சுழன்றன. மலை ஏறினார்கள், இறங்கினார்கள், மழைக்கு ஒதுங்கினார்கள், வெயிலுக்கு நெற்றி துடைத்தார்கள், துடைத்த கை கீழே வருவதற்குள் அடுத்த மலை வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் கூடை கழன்று பறந்து தொரையின் காலடியில் விழுந்தது. அந்தப் பிள்ளை இல்லாத கூடைக்குள் கொழுந்து போட்டபடியே ஆடி முடித்தாள். பாட்டு நின்றபோது பிள்ளைகளும் நின்றார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தே விட்டார்கள். அதுவும் நடனத்தின் பகுதி என்று எண்ணிச் சபை கைதட்டியது.

முதலிடம் கிடைத்தது. சுறுசுறுப்பு, உற்சாகம், மலையகப் பெண்களின் உழைப்பைத் தத்ரூபமாகக் காட்டிய பாங்கு என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். கஜேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் ஒரு கையில் கேடயத்தோடும் மறு கையில் வாந்தி எடுத்த பிள்ளையோடும் அவரிடம் வந்தார்.

"தம்பி, என்ன செய்தனீங்கள்?"

"முதல் பரிசு வாங்கிக் குடுத்தேங்க டீச்சர்," என்றார் கஜேந்திரன், தன்னடக்கத்தோடு.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு கேடயத்தோடு போயிருக்கும். ஆனால் தொரைக்கு நடனம் மிகவும் பிடித்துப்போயிற்று. போட்டியில் எடுத்த வீடியோவுக்குப் பிரதி ஒன்று கேட்டு ஆள் அனுப்பினார். ஒரு தொரை தன்னிடம் ஒன்றைக் கேட்டு அனுப்பியது கஜேந்திரன் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. படத்தையும் பாட்டையும் சேர்க்கும்போது, மேடையில் பிள்ளைகள் சிற்சில இடங்களில் பின்தங்கியது அவர் கண்ணில் பட்டது. அவ்வளவு பெரிய மனிதருக்கு அதை அப்படியே கொடுப்பதா? படத்தையும் ஒரு பிடி விரைவாக்கி, சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

தொரை அதைத் தோட்டத்தில் வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் பெரிய டீவி வைத்துத் தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். சிரித்தார்கள், கைதட்டினார்கள். கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டு வார்த்தை பேசினார். சின்னப் பிள்ளைகளுக்கே இப்படி ஏலும் என்றால் பெரியவர்களுக்கு ஏலாதா என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். மேடையில் சரிவு இல்லை, அட்டை கடிக்கவில்லை, கூடையில் கொழுந்தும் இல்லை என்பதைக் கணக்கப்பிள்ளை எடுத்துச் சொல்லியிருக்கலாம். கணக்கப்பிள்ளைக்கும் வேலை வேண்டும். அடுத்த கிழமையிலிருந்து, ஒரு பரீட்சார்த்தமாக, ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுச் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கிலோ ஏறியது. குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். உற்சாகத்துக்காகக் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டையே போட்டார்கள்.

இது எதுவும் கஜேந்திரனுக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு காலை மாடிப்படியில் அக்காவின் காலடி கேட்டபோது, பாராட்ட வருகிறார் என்று எழுந்து நின்றார். நாகலெட்சுமியோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவர் மீனம்மா, வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்.

"அந்தப் பாட்டப் போடு தம்பி," என்றார் அக்கா.

போட்டார். மூன்று பேரும் நின்றபடியே கேட்டார்கள்.

"இது நான் பாடுனது இல்ல."

"ஒங்க கொரலுதாங்க்கா. சுருதி கொஞ்சங்கூட மாறல."

"கொரலு என்னோடதுதான். மூச்சு எங்க?"

கஜேந்திரன் திரையைப் பார்த்தார். இரண்டு சரணங்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் போட்டிக்கு முன்பே அவர் எடுத்துவிட்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லாததால் எடுத்தார்.

பழையதைப் போடச் சொன்னார் அக்கா. இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அழித்துவிட்டேன், இடம் இல்லை, அது இழுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கிலோ ஏறிய கதையைச் சொன்னார். சொல்லும்போது தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இப்போது தோட்டத்தில் மெதுவாக வேலை செய்யும் போராட்டம் தொடங்கியிருந்தது. வேலைக்குப் போவார்கள், பறிப்பார்கள், ஆனால் மெதுவாக. அதில் ஒரு சிக்கல். இருபது வருடம் ஓடிய கைகள். மனம் மெதுவாக என்று சொன்னாலும் கை கேட்பதில்லை. அதோடு காலையில் ஒலிபெருக்கி வேறு. பத்து மணிக்குள் எல்லாரும் தம்மை அறியாமல் பழைய ஓட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே மலையில் ஒரு பாட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டு அதன் தாளத்துக்குப் பறிப்பது என்று தீர்மானித்திருந்தார்கள்.

"மெதுவா ஒரு பாட்டு வேணும்," என்றார் அக்கா. "எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு."

முதலில் அக்காவையே புதிதாகப் பாடவைக்கப் பார்த்தார்கள். நாகலெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்று கண்ணை மூடிப் பாடினார். ஒலிபெருக்கியில் ஒரு மாதம் கேட்டுக் கேட்டு, வாயைத் திறந்தால் அந்த வேகம்தான் வந்தது. மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை முடிந்ததும் மீனம்மா, "அக்கா, நீங்க கங்காணி மாதிரி பாடுறீங்க," என்றார். அக்கா மைக்கை விட்டு வெளியே வந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கஜேந்திரன் விரைந்த பாட்டைத் திறந்தார். அதன் மேல் அந்தப் பெட்டியைத் திறந்தார். நூறு என்று இருந்த இடத்தில், தன் கையால், வாழ்க்கையில் முதன்முறையாக, நூற்றுக்குக் கீழே ஓர் எண்ணைத் தட்டினார். தொண்ணூறு. முதல் வரியை மாதிரிக்குப் போட்டார்.

"கொற."

எண்பது. அவருடைய பாதம் மேசைக்குக் கீழே தானாகத் தட்டத் தொடங்கியது. பாட்டை முந்திக்கொண்டு தட்டியது. மற்றப் பாதத்தால் அதை மிதித்துக்கொண்டார்.

"கொற தம்பி."

எழுபது. மலைக் குளிரிலும் அவருக்கு நெற்றியில் வியர்த்தது. இதற்குக் கீழே போனால் பாட்டு பாட்டாக இருக்காது என்று தொழில்முறையாக எடுத்துச் சொன்னார். உண்மையும் அதுதான். சுருக்கியதை மறுபடி இழுத்ததில் ஒவ்வோர் அடியும் இரண்டாகப் பிளந்து கேட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல நெளிந்தது.

"கொற."

அறுபது. 'மழை' என்ற சொல் தொடங்கி முடிவதற்குள் ஒரு கூடை நனைந்துவிடும். மூன்றாவது பெண் கொட்டாவி விட்டார்.

"இது சரி," என்றார் அக்கா.

கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நீலக் கோடு ஊர்ந்தது. செய்ய வேறொன்றும் இல்லாததால் கஜேந்திரன் மீனம்மாவிடம் கையில் என்ன என்று கேட்டார். மீனம்மா முதலிலிருந்து தொடங்கினார். அன்றைக்கு விடியற்காலையில் மூடுபனி, மலை தெரியவில்லை, மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல், ரொட்டி சுட நேரமில்லை. கஜேந்திரனின் கை வழக்கம்போல மேலே எழுந்தது, சுழற்றுவதற்கு. கதையை அவரே முடித்துவிட வாயையும் திறந்தார். அப்போதுதான் அதன் முடிவு தனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. கை கீழே இறங்கிவிட்டது.

மீனம்மா நிதானமாகச் சொன்னார். கிலோ போதாமல் கடைசி நேரத்தில் இன்னும் இரண்டு பிடி பறிக்கலாம் என்று சரிவில் இறங்கியது, கொழுந்து மடுவத்தில் நிறுக்கிறார்கள் என்று மேலே சத்தம் கேட்டது, ஓடியது, ஈரக் கல், விழுந்தது, விழுந்தபோதும் கூடையைக் கவிழவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டது, மற்றக் கை உடலுக்குக் கீழே மாட்டியது. நிறுத்துப் பார்த்ததில் அரைக் கிலோ குறைவு. அரைப் பேர்.

"நீங்க கூடைய விட்டிருக்கலாமே," என்றார் கஜேந்திரன்.

"அது தோணலங்க," என்றார் மீனம்மா. "அவ்வளவு வேகமா நடந்துருச்சி."

கஜேந்திரன் எழுந்துபோய்க் கடையில் நான்கு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். நீலக் கோடு அப்போது பாதிதான் வந்திருந்தது.

அந்தப் பாட்டுப் பெட்டி மலையில் ஒரு நிழல்மரக் கிளையில் தொங்கியது. அதன் தாளத்துக்கு முழு மலையும் அசைந்தது. கொழுந்து பறிக்கிறார்களா பறிக்கப் போகிறார்களா என்று ரோட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கொழுந்து முற்றியது, தொழிற்சாலையில் இயந்திரம் பாதி நாள் சும்மா நின்றது. இரண்டாவது கிழமை தொரை கஜேந்திரனுக்குச் சொல்லியனுப்பினார்.

ஆபீஸில் தொரை கதிரை காட்டி உட்காரச் சொன்னார். தோட்டத்தில் யாரோ போடுகிற பாட்டைப் பற்றி விசாரித்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர். அதே பாட்டுக்கு இன்னும் விறுவிறுப்பாக ஒன்று செய்து தந்தால் தோட்டம் முழுக்க ஒலிபெருக்கி போடுவதாக இருக்கிறேன் என்றார். பிறகு ஒரு கலைஞனிடம் மனம்விட்டுப் பேசுகிறவராகக் குரலைத் தாழ்த்தி, கொச்சைத் தமிழில், "அது கொஞ்சம் இழுக்குது, இல்லையா?" என்றார்.

இத்தனை வருடத்தில் கஜேந்திரனின் நோயைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கிகள், தோட்டம் முழுக்க. யன்னல் வழியாகத் தூரத்து மலை தெரிந்தது. அதில் சிறு சிறு புள்ளிகள், அசைகின்றனவா இல்லையா என்று சொல்ல முடியாத புள்ளிகள்.

"கொம்பியூட்டர் பழுதாயிருச்சிங்க சேர்," என்றார்.

எப்போது சரியாகும் என்று தொரை கேட்டார். சொல்ல முடியாது, சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், சுணங்கும் என்றார் கஜேந்திரன். சுணங்கும் என்ற சொல்லை அவர் ஒருபோதும் தன் வேலையைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வெளியே வந்து ஆபீஸ் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பத்து நாளில் கிலோ பழைய இடத்துக்கு இறங்கியது. பரீட்சார்த்தம் வெற்றிகரமாக நிறைவுபெற்றதாக அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். மீனம்மாவின் மணிக்கட்டு எலும்பு கூடியது, சற்று வளைந்து. நாகலெட்சுமி அந்த மெதுப் பாட்டை இன்னொரு தடவை கேட்க மறுத்துவிட்டார். செத்துப்போன பெரியம்மா பாடுவதுபோல இருக்கிறதாம்.

கஜேந்திரன் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். மறு வருடம் கனகாம்பிகை டீச்சர் புதிய பாட்டோடு வந்தார். இந்தத் தடவை கதிரையைக் கொம்பியூட்டருக்குப் பக்கத்திலேயே போட்டு, பெட்டியில் நூறு என்று இருப்பதைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, உங்கடை அக்கா மேல் சத்தியம் பண்ணுங்கோ என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கஜேந்திரன் சத்தியத்தை மதிக்கிறவர். வெகு நேரம் அந்த நூறைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நூற்றொன்று என்று தட்டினார். ஒன்றே ஒன்று. அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகள் யாரும் வாந்தி எடுக்கவுமில்லை. மூன்றாமிடம் கிடைத்தது, டீச்சர் சந்தோஷப்பட்டார்.

இப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் சிரிக்கலாம். தெரிந்திருக்கட்டும். ஆனால் ஒரு சின்ன விசாரணை. கோழி செத்த இடத்துக்கும் டீச்சர் வந்த இடத்துக்கும் நடுவில் ஒரு பத்தியை மேலோட்டமாகத் தாண்டி வந்தது யார்? மீனம்மா மூடுபனியில் தொடங்கியபோது, விழுந்தாரா இல்லையா என்று கண்ணைக் கீழே ஓட்டிப் பார்த்தது யார்? போகட்டும், அச்சில் இருப்பது கோபித்துக்கொள்ளாது. தலையை மட்டும் ஒரு தடவை நிமிர்த்துங்கள். இத்தனை நேரமும் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் எதையோ சொல்ல நினைத்துப் பக்கத்தில் வந்து நிற்கிறார். நீங்கள் நிமிராமலே "ம், சரி" என்று சொல்லிவிட்டீர்கள்.

அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.